முதுகு தெரியும்வரை

டொக்டர் ஆங்கிலத்தில் ஆறு வசனங்கள் சொன்னார். நான் அவற்றில் இரண்டை மாத்திரமே தமிழில் சொன்னேன். பின்னர் நடந்த அனைத்துக்கும் விடுபட்ட அந்த நான்கு வசனங்களே காரணம் என்று எண்ணுகிறேன். வேறு எவரையும் குறை கூற எனக்கு உரிமை இல்லை.

யூலியானா மச்சாள் என் அண்ணன் மரியநேசனின் மனைவி. இரண்டாயிரத்தோராம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பாகிய தபசுகாலம் தொடங்கிய வாரத்தில், நாங்கள் இருவரும் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வவுனியாவுக்கு வந்தோம். அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. நோயாளியுடன் ஒருவர் மாத்திரமே வரலாம் என்பதாலும், தொண்டர் ஆசிரியையாகிய எனக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதாலும், அண்ணன் கரையில் நிற்க நான் துணையாக வந்தேன். இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியில் தங்க எங்களுக்குக் கிடைத்த பாஸ் இருபத்தொரு நாட்களுக்கு உரியது.

அவருடைய முதற்பிள்ளை நான்கு நாட்கள் மாத்திரமே உயிரோடு இருந்தது. முதுகின் அடிப்பகுதியில் தோலும் எலும்பும் மூடாமல் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவுக்குத் திறந்திருந்தது. சுவாமியார் வந்து சேருமுன்னரே மருத்துவமாது அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கவேண்டியதாயிற்று. ஆகவே இரண்டாவது பிள்ளை உண்டானதும், எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் ஸ்கான் இயந்திரம் இல்லாத காரணத்தால், அங்கிருந்த டொக்டர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். முந்தைய பிள்ளையின் முதுகுத்தண்டு மூடவில்லை, தாய் மிகுந்த பருமன் உடையவர், இருபது கிழமையில் ஸ்கான் செய்து முதுகைப் பார்ப்பது அவசியம் என்பதே அதன் சாரம். முதுகு மூடியிருந்தால் நாங்கள் வீடு திரும்பலாம். திறந்திருந்தால் பாஸை நீடிக்கக் கடிதம் வாங்கி, பிறந்தவுடன் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய கொழும்புக்குப் போகவேண்டும். எதுவும் தெரியாமல் திரும்பினால், பிள்ளை பிறக்கும் நாள்வரை தெரியாமலே இருக்கவேண்டும்.

மச்சாள் சிறு வயது முதலே பருத்த தேகம் கொண்டவர். சீனியும் சவர்க்காரமும் அளந்து கிடைக்கும் இடத்தில் ஒருவர் பருமனாக இருப்பது ஏதோ குற்றம் செய்தது போலாகிவிடும். "நிவாரணம் முழுக்க இவவின்ரை வீட்டுக்குத்தான் போகுது போலை" என்று கிளினிக் வரிசையில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். வவுனியாவுக்கு வரும் வழியிலிருந்த சோதனைச் சாவடியில் பெண் சிப்பாய் ஒருவர், ஏதும் ஒளித்துக் கட்டியிருக்கிறாரோ என்று, அவருடைய வயிற்றை இரு கைகளாலும் அழுத்திப் பார்த்தார். பின்னர் இன்னொருவரை அழைத்தார். அவரும் அழுத்திப் பார்த்தார். மச்சாள் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வவுனியா நகருக்கு வெளியே நெளுக்குளத்தில் எங்களுக்குப் பொறுப்பு நின்றவர் சிவலட்சுமி அக்கா. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறி மிளகாய்த் தோட்டம் செய்யும் குடும்பம். போரால் பாதை மூடப்படுமுன் அண்ணனிடம் கருவாடு வாங்கிய பழக்கம் ஒன்றைத் தவிர எங்களுக்கும் அவர்களுக்கும் வேறு உறவில்லை. இருந்தும் தமது அடையாள அட்டையைக் கொண்டுபோய்ப் பதிந்து, எங்களைக் கூட்டிவந்து, தமது அறையையே எங்களுக்கு விட்டுத்தந்தார். பாஸ் முடியும் நாளில் நாங்கள் வெளியேறாவிட்டால் பதில் சொல்லவேண்டியவர் அவரே.

வந்த மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, நகரத்திலிருந்த தனியார் மருத்துவ நிலையமொன்றில் முதலாவது ஸ்கான் நடந்தது. டொக்டர் இளவயதுச் சிங்களவர். "தண்ணி குடிச்சதா? மூச்சு பிடி. மூச்சு விடு" என்ற அளவுக்கே அவருக்குத் தமிழ் தெரியும். மிகவும் மரியாதையானவர். அரைமணி நேரத்துக்கு மேலாகக் கருவியை மச்சாளின் வயிற்றில் வைத்து அழுத்தியும் சரித்தும் பார்த்தார். திரையில் பனிக்காலத்து விடியலில் கடலைப் பார்ப்பது போன்ற ஒரு சாம்பல் நிறம் மாத்திரமே எனக்குத் தெரிந்தது. இதயத் துடிப்பைக் காட்டினார். தலையைக் காட்டினார். பிறகு கருவியைத் துடைத்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

பிள்ளை மல்லாந்து கிடக்கிறது. அதன் முதுகு தாயின் முதுகுப் பக்கம் இருக்கிறது. தாயின் வயிற்றுச் சுவர் தடித்தது, ஆகவே ஒலி உள்ளே போய் வரும்போது பலவீனமாகிறது. இது எவருடைய பிழையும் அல்ல. பிள்ளை புரண்டு படுத்தால் முதுகு தெரியக்கூடும். இரண்டு கிழமை கழித்து வாருங்கள்.

திரைச்சீலைக்கு அப்பால் மூன்று பெண்கள் காத்திருந்தனர். அவர்களுக்கும் கேட்கும்படி மச்சாளின் உடம்பைப் பற்றி ஆறு வசனங்கள் பேச எனக்கு நாக்கு எழவில்லை. 'பிழை இல்லை' என்று சொல்வதுகூடப் பிழையைச் சுட்டிக்காட்டுவது போல் ஆகிவிடும் என்று எண்ணினேன். விரைவாக முடித்துவிட விரும்பினேன்.

"உடம்பு பெருப்பெண்டதாலை படம் தெளிவில்லையாம் மச்சாள். ரெண்டு கிழமை கழிச்சு வரட்டாம்."

"முதுகு?"

"தெரியேல்லையாம்."

"என்ரை கொழுப்பு மறைச்சிட்டுதோ ரூபி?"

நான் அவருடைய சட்டையை இழுத்துச் சரிசெய்தேன். பதில் சொல்லவில்லை. அவர் அதை 'ஓம்' என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிரவுச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. மறுநாட் காலையும் தொடவில்லை. மத்தியானம் ஒரு கை சோறு மாத்திரம் உண்டார். தபசுகாலத்தில் ஒருவேளை மாத்திரம் உண்ணும் ஒருசந்தி எங்களுக்குப் புதிதன்று. ஆனால் கர்ப்பிணிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்பதை மச்சாளும் அறிவார், நானும் அறிவேன்.

"என்னாம்மா, நான் வச்ச கறி புடிக்கலையா?" என்று சிவலட்சுமி அக்கா கேட்டார்.

"ஐயோ, கறி நல்லாயிருக்கு அக்கா. நான் ஒருசந்தி."

"புள்ளத்தாச்சி விரதம் இருக்கிறதா? இது எந்த ஊரு ஞாயம்? ரூபி டீச்சர், நீங்க சொல்லுங்க. உங்க வேதத்துல அப்படியா இருக்கு?"

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் என் தட்டைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா. சிலபேர் இருக்கிறவை" என்றேன். இதனை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சிவலட்சுமி அக்கா பெருமூச்சு விட்டார். "எங்க சாமி பரவாயில்ல. பொங்கலு வச்சா அதையும் நம்மளத்தான் திங்கச் சொல்லும்."

அறைக்குள் போனதும் மச்சாள் தமது பையின் வாயைக் கட்டியிருந்த நைலோன் நூலை அவிழ்த்தார். அண்ணன் வலை பொத்தும் பச்சை நூல். அதனைத் தொப்புளின் மேலாக வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து, நூலின் முனை வந்து தொட்ட இடத்தில் அடையாளமாக ஒரு முடிச்சுப் போட்டார்.

"ஒவ்வொரு நாளும் முடிச்சு உள்ளுக்கு வரவேணும். ரெண்டு கிழமையிலை ஒரு சாண் எண்டாலும் குறையும். பிறகு மிசினுக்குத் தெரியும்."

"மச்சாள், சுவாமி சொன்னவர்தானே, பிள்ளை வயித்திலை உள்ளவை ஒருசந்தி இருக்கக்கூடாதெண்டு."

"சுவாமிக்கு வயிறு இருக்கே? இருந்தால் கதைக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிள்ளை மல்லாந்து கிடப்பதுதான் முதற்காரணம், டொக்டர் உங்களை மெலியச் சொல்லவே இல்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால், அப்படிச் சொன்னால் அன்றைக்கு ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு அஞ்சி, நாளைக்குச் சொல்வோம் என்று ஒத்திவைத்தேன்.

நாட்கள் சென்றன. முடிச்சு உள்ளே வரவில்லை. நூலால் அளக்கத் தொடங்கிய நான்காம் நாள் இருந்த இடத்திலேயே நின்றது. ஏழாம் நாள் ஒரு விரற்கடை வெளியே போயிருந்தது. பிள்ளை வளர்கிறது, வயிறு பெருக்கத்தானே செய்யும் என்று நான் சொன்னேன். அவர் அதனைக் காதில் வாங்கவில்லை. நூலை இறுக்கிப் பிடித்து மறுபடியும் அளந்தார். மூச்சை உள்ளிழுத்து அளந்தார். அதன் பிறகு மத்தியானச் சோற்றையும் பாதியாக்கினார். தட்டில் மிஞ்சியதை நான் உண்டேன், சிவலட்சுமி அக்காவின் மனம் நோகக்கூடாது என்பதற்காக. அந்த இரண்டு கிழமையில் பருத்தவள் நானே.

பத்தாம் நாள் அண்ணனிடமிருந்து ஒருவர் மூலம் துண்டுக் கடிதமொன்று வந்தது. 'முதுகு பார்த்தாச்சோ? ஒரு சொல்லு எழுதி விடுங்கோ' என்று மாத்திரம் இருந்தது. மச்சாள் அதனை மடித்துத் தமது செபப்புத்தகத்துக்குள் வைத்தார். பதில் எழுதச் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் கிணற்றடியிலிருந்து வந்த மச்சாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ரூபி, இங்கை வா. கையை வை."

வைத்தேன்.

"ஏதும் தெரியுதே?"

"இல்லை மச்சாள்."

"காலமை ஒருக்கா அசைஞ்சது. பிறகு இல்லை. நேற்று இதே நேரம் ரெண்டு மூண்டு தரம் அசைஞ்சது." குரலைத் தாழ்த்தினார். "என்ரை உடம்புக்குள்ளை அது அசையிறது எனக்கே வடிவாய்த் தெரியாது. கொழுப்புத்தானே. அதாலையாயிருக்கும், என்ன?"

"அதாலையாயிருக்கும்" என்று நானும் சொன்னேன். அந்த இரவு நான் உறங்கவில்லை. அவரும் உறங்கவில்லை என்பது அவருடைய செபமாலையின் மணிகள் நகர்ந்த ஓசையில் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாஸ் முடிய இன்னும் நான்கு நாட்கள். சிவலட்சுமி அக்கா ஓட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். மருத்துவ நிலையத்தில் இலக்கம் கூப்பிடும் பழனியாண்டி ஐயா எங்களை அடையாளம் கண்டு, "வாங்கம்மா. இன்னைக்கு அஞ்சாவது நம்பரு. தண்ணி குடிங்க, நடக்காதீங்க" என்று கதிரை காட்டினார். மச்சாள் தண்ணீர்ப் போத்தலை இரு கைகளாலும் பிடித்துக் குடித்தார். உதடு வெடித்திருந்தது.

எங்கள் முறை வந்தது. டொக்டர் கருவியை வைத்ததும் நான் திரையைப் பார்த்தேன். மச்சாள் என் முகத்தைப் பார்த்தார். துடிப்பு இருந்தது. அந்தச் சிறிய மினுக்கத்தைக் கண்டபோது என் கண்கள் கலங்கின. ஆனால் பிள்ளை அன்றுபோலவே மல்லாந்து கிடந்தது. டொக்டர் வயிற்றைத் தட்டினார். மச்சாளை இருமச் சொன்னார். பிள்ளை அசையவில்லை. அன்றுபோலவே அழுத்தினார், சரித்தார். அன்றுபோலவே சாம்பல் நிறம்.

"இன்றும் முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, படிவத்தை எடுத்தார். முதுகுத்தண்டு காணப்படவில்லை என்று அவர் எழுதுவதைத் தலைகீழாக வாசித்தேன். அந்தத் தாளோடுதான் நாங்கள் ஊர் திரும்பவேண்டும். அண்ணனுக்குச் சொல்லக்கூடிய ஒரு சொல்லும் அதில் இல்லை.

அப்போது டொக்டரின் பேனை நின்றது. அவர் மச்சாளின் உதட்டைப் பார்த்தார். கையைப் பிடித்து நாடியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "இவர் காலையில் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

அந்த ஆங்கிலக் கேள்வியை மச்சாள் எப்படியோ விளங்கிக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தார். சொல்லாதே.

திரைச்சீலைக்கு அப்பால் அன்றும் பெண்கள் இருந்தனர். நான் அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏனெனில் அவர்களின் பேச்சு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இலக்கணம் பாராமல் சொன்னேன்.

"சாப்பாடு இல்லை, டொக்டர். பதினான்கு நாள். மெலிவதற்கு. படத்துக்காக. பிழை என்னுடையது. நீங்கள் சொன்னதை நான் முழுதும் சொல்லவில்லை."

"படத்துக்காகவா?"

"ஆம், டொக்டர்."

அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்து மச்சாளின் தலைமாட்டில் போட்டுக்கொண்டு அமர்ந்தார். ஒவ்வொரு வசனமாகச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொன்னேன்.

"பதினாலு நாளிலை இந்தக் கொழுப்புக் கரையாதாம் மச்சாள். கரைஞ்சாலும் இந்தப் படத்துக்கு உதவாதாம். அண்டைக்கும் பிள்ளை மல்லாந்துதான் கிடந்ததாம். இண்டைக்கும் அப்பிடித்தானாம். அது புரளவேணுமாம். நீங்கள் பட்டினி கிடந்தால் உங்களுக்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாதாம். உங்களிலை ஒரு பிழையுமில்லையாம். பெருத்த உடம்பிலை எந்தப் பக்கத்தாலை பார்க்கலாமெண்டு தேடுறது தன்ரை வேலையாம்."

மச்சாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"இதை அண்டைக்கே சொன்னவரோ?"

"கடைசி வசனத்தைத் தவிர, மிச்சம் கனக்கச் சொன்னவர்."

"நீ சொல்லேல்லை."

"ஓம் மச்சாள். நான் சொல்லேல்லை."

டொக்டர் பழனியாண்டி ஐயாவைக் கூப்பிட்டு, அடுத்த இலக்கங்களை விடுமாறும், அம்மாவுக்குச் சாப்பிட ஏதும் வாங்கிக் கொடுக்குமாறும், ஒரு மணித்தியாலத்தின் பின் மறுபடி பார்ப்பதாகவும் சொன்னார். பழனியாண்டி ஐயா முன் பேக்கரியிலிருந்து நான்கு பணிசும் சீனி கூடப் போட்ட பால்தேநீரும் வாங்கிவந்தார். மச்சாள் பணிசைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"பணிசுக்குள்ளை இறைச்சி இல்லை மச்சாள். சாப்பிடுங்கோ. பாவமெண்டால் என்ரை கணக்கிலை போகட்டும்."

"உன்ரை கணக்கு ஏற்கெனவே நிறைஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு கடி கடித்தார். பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. வாங்கில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். நான் அவருக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர்களுள் ஒருவர் எழுந்து வந்து, தமது பையிலிருந்த இரண்டு வாழைப்பழங்களை மச்சாளின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் இருந்தார்.

"மெதுவா சாப்பிடுங்கம்மா. மிஷினு எங்கேயும் ஓடிடாது" என்றார் பழனியாண்டி ஐயா.

சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம். முப்பது நிமிடம். மச்சாள் கண்களை மூடி, இரு கைகளையும் வயிற்றின் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார். நாற்பதாவது நிமிடத்தில் கண்களைத் திறந்தார்.

"ரூபி. உதைக்குது."

இம்முறை டொக்டர் அவரை மல்லாந்து படுக்கவிடவில்லை. இடப்பக்கம் சரிந்து படுக்கச் செய்து, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தார். பிறகு என்னை அழைத்து, வயிற்றின் மடிப்பை இரு கைகளாலும் மேலே தூக்கிப் பிடிக்குமாறு கேட்டார். நான் தயங்கினேன்.

"பிடி. உன்ரை அண்ணன்ரை பிள்ளைதானே" என்றார் மச்சாள்.

பிடித்தேன். அது கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. சாவடியில் அந்தப் பெண் சிப்பாய் கை வைத்ததும் இந்த இடத்தில்தான். மடிப்பின் கீழே தோல் மெல்லியதாக இருந்தது. டொக்டர் அந்த இடத்தில் களிம்பைப் பூசிக் கருவியை வைத்தார். பின்னர் விலாப்பக்கமாக நகர்த்தினார். பின்னர் தொப்புளின் மேல். என் கைகள் வலிக்கத் தொடங்கின. நான் அசையவில்லை.

சாம்பலுக்குள் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. இரு வரிசை. டொக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு கருவியை மிக மெதுவாகத் திருப்பினார். பிள்ளை புரண்டிருந்தது. கழுத்திலிருந்து கீழ்நோக்கி, அருகருகே, இரு வரிசையாகப் புள்ளிகள் இறங்கின. அவர் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார். மச்சாள் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார்.

"வலைக்கு மிதப்புக் கட்டின மாதிரிக் கிடக்கு" என்றார்.

இடுப்புக்குக் கிட்ட வந்ததும் புள்ளிகள் மறைந்தன. முதற்பிள்ளைக்குத் திறந்திருந்ததும் அந்த இடமே. அங்கே பிள்ளையின் கால் குறுக்கே கிடக்கிறது என்றார் டொக்டர். காத்திருந்தோம். கருவி கிடந்த இடத்தில் டொக்டரின் கையும் அசையாமல் கிடந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னர் அந்தக் கால், மிக அலட்சியமாக, ஒரு பக்கம் விலகியது. புள்ளிகள் கடைசிவரை இறங்கி, கூராக ஒடுங்கி முடிந்தன. அவற்றின் மேலே தோலின் வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடியது. டொக்டர் அந்தக் கோட்டின் மேல் விரலை இரண்டு தடவை ஓட்டினார். படத்தை நிறுத்திவைத்துவிட்டுப் பேசினார். இம்முறையும் ஆறு வசனங்கள்.

நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டே அவற்றை மனத்துக்குள் எண்ணி வரிசைப்படுத்தினேன்.

"முதுகு மூடிக் கிடக்குதாம் மச்சாள். மேலையிருந்து கீழைவரை பார்த்தாச்சாம். தலையும் நல்லாயிருக்காம்." நிறுத்தினேன்.

"பிறகு?"

மிச்சத்தை விழுங்கிவிட எனக்கு மீண்டும் ஆசை வந்தது. அவருடைய முகத்தில் அப்போதுதான் தோன்றியிருந்த வெளிச்சத்தை என் வாயாலேயே குறைக்க யார் விரும்புவார்?

"இருதயத்தின்ரை நாலு அறையிலை ரெண்டுதான் வடிவாய்த் தெரியுதாம். மற்ற ரெண்டும் இண்டைக்குத் தெரியேல்லையாம். பிழையெண்டு சொல்லேல்லை. தெரியேல்லையெண்டுதான் சொல்லுறார். திங்கட்கிழமை ஒருக்கா வரட்டாம். பாஸ் அதுக்குள்ளை முடியாது."

மச்சாள் வெகுநேரம் திரையையே பார்த்தார். அவருடைய விரல்கள் தேடிவந்து, வயிற்றைத் தாங்கியிருந்த என் மணிக்கட்டைப் பற்றின. பிடி இறுக்கமாக இருந்தது. என்னை மன்னித்தாரா என்று அந்தப் பிடியிலிருந்து எனக்கு அறிய முடியவில்லை.

"அவரிட்டைக் கேள்" என்றார்.

"என்ன கேக்க மச்சாள்?"

"திங்கட்கிழமை எத்தினை பணிசு சாப்பிட்டிட்டு வரவேணுமெண்டு."

நான் கேட்டேன். ஒரு சொல்லும் விடாமல் கேட்டேன்.